கணினிக்கு ஏர்கான் வேண்டாம், ஒரு தூரிகை போதும்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக நான் தொகுத்திருந்த பன்னிரண்டு நிமிடக் காணொளியை எங்கள் வீட்டு மேசைக் கணினி கோப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. அறுபது விழுக்காடு முடிந்தபோது திரை சட்டென்று கறுத்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மீண்டும் இயக்கினேன். பத்தே நிமிடங்களில் மறுபடியும் அணைந்தது. பெட்டியின் பின்புறம் கையை வைத்துப் பார்த்தேன். இட்லிச் சட்டியின் மூடியைத் தொட்டதுபோல் இருந்தது.

பணியைச் சமர்ப்பிக்க இரண்டு நாள்களே இருந்தன. உயர்நிலை நான்கில் படிக்கும் தம்பி, சாதாரண நிலைத் தேர்வுக்கான பயிற்சித் தாள்களைச் செய்வதும் அதே கணினியில்தான். வீட்டில் எல்லாருக்கும் கவலை.

எங்கள் வீடு பஃபலோ சாலையில், தேக்கா நிலையத்துக்கு அருகில் உள்ள மூவறை வீவக வீடு. அப்பா அம்மாவின் அறையில் மட்டும் குளிர்சாதனம் உண்டு. இன்னோர் அறையில் நானும் பாட்டியும் படுப்போம். கணினியும் அங்கேதான். அதற்கு மேலே சாமி மாடம். "இந்த வெயிலுக்கு மெஷின் என்ன செய்யும்? அந்த ரூமுக்கும் ஒரு ஏர்கான் போட்ருவோமா?" என்றார் அப்பா. குளிர்காற்று பாட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. செலவும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்.

நண்பர் ஒருவர் சொன்ன கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் இயக்கிப் பார்த்தார். அணைந்தது. "மதர்போர்டு போய்விட்டது. நான்கு வருடக் கணினிக்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நாலு வருஷமா இத ஒரு நாளாச்சும் தொறந்து தொடச்சிருக்கியா?" சிராங்கூன் சாலைத் துணிக்கடைகளுக்கு முப்பது ஆண்டுகள் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் அவர். "தையல் மெஷினுக்கு வாரத்துக்கு ஒரு தடவ பஞ்செடுத்து எண்ணெய் விடுவேன். விடலேன்னா சூடாயி நின்னுரும்."

திறந்தோம். விசிறிக்குப் பின்னால் இருக்கவேண்டிய உலோகத் தகடுகளைக் காணவில்லை. அவற்றின்மீது சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு படலம் படிந்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. சாம்பிராணி வாசம் வந்தது. திறந்த சன்னல் வழியாக வந்த சாலைத் தூசி, சமையல் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, முகப்பவுடர், தலைமுடி எல்லாம் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக அந்தப் படலத்தை நெய்திருந்தன.

ஒரு வண்ணம் பூசும் தூரிகையும் நாற்பது நிமிடங்களும் போதுமானதாக இருந்தன. சுத்தம் செய்வதற்கு முன்பு, வேலை தொடங்கிய சில நிமிடங்களில் 98 டிகிரி செல்சியசைத் தொட்ட சிபியு, அதன்பின் அதே வேலையின்போது 76 டிகிரியைத் தாண்டவில்லை. காணொளி அன்றிரவே முடிந்தது. "போய்விட்ட" மதர்போர்டு இன்றும் வேலை செய்கிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதில்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலானோர் கணினி சூடானால் இரண்டு வழிகளையே யோசிக்கிறோம். ஒன்று, அறையைக் குளிர வைப்பது. இன்னொன்று, புதிதாக வாங்குவது. இரண்டும் பணம் கேட்கும் வழிகள். மூன்றாவது வழி, திறந்து பார்ப்பது. அதை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வெப்பம் எங்கே போகிறது?

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. விளையாட்டுக்கோ காணொளித் தொகுப்புக்கோ பயன்படும் ஒரு மேசைக் கணினி, கடும் வேலையின்போது 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். அப்படியென்றால், அந்தக் கணினி ஓடும்போது உங்கள் சின்ன அறையில் கூடுதலாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பதுபோல. அதனால்தான் நாம் விளையாடும் இரவுகளில் அதே அறையில் தூங்குபவருக்கு வியர்க்கிறது.

சிபியுவுக்குள் இருக்கும் சில்லு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அந்தச் சிறிய இடத்திலிருந்து 100 வாட் அளவு வெப்பம் வெளியேற வேண்டும். பரப்பளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு வெளியிடும் வெப்பத்தைவிட இது பல மடங்கு செறிவானது. ஆகவே அந்த வெப்பம் ஒரு நொடிகூட நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சில்லிலிருந்து வெப்பப் பசைக்கு, பசையிலிருந்து உலோகத் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து விசிறிக் காற்றுக்கு, காற்றோடு பெட்டிக்கு வெளியே, பெட்டியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து சன்னலுக்கு வெளியே. இந்த வரிசையில் ஒரு கதவு அடைபட்டாலும் பின்னால் எல்லாம் தேங்கிவிடும்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு முக்கியம். வெறும் விசிறியால் குளிரும் கணினி, அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அறை 31 டிகிரியில் இருக்கும்போது சிபியு 80 டிகிரியில் இருந்தால், இரண்டுக்கும் இடையே 49 டிகிரி வித்தியாசம். குளிர்சாதனம் போட்டு அறையை 24 டிகிரிக்கு இறக்கினால் சிபியுவும் ஏறத்தாழ 73க்கு இறங்கும். ஏழு டிகிரி லாபம். ஆனால் அந்த 49 டிகிரி வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் கதவுகளைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் தூரிகை தந்த லாபம் 22 டிகிரி.

முன்பெல்லாம் இந்தத் தவறுக்குத் தண்டனை உடனே கிடைத்தது. 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையத்தளம் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் சிபியுமீது இருந்த குளிரூட்டும் உலோகப் பாகத்தைக் கழற்றினார்கள். அன்றைய ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. இன்று எல்லா நிறுவனங்களின் சிபியுக்களும் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகின்றன. 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் சூடு தணியாவிட்டால்தான் கணினி அணைகிறது.

இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கணினி சத்தமில்லாமல் மெதுவாகிறது. நாமோ "பழசாகிவிட்டது" என்று முடிவு செய்துவிடுகிறோம். தூசியால் மூச்சுத் திணறும் கணினிக்கு முதுமை என்று பெயர் வைத்து, குப்பைக்கு அனுப்புகிறோம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு உருவாகிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதில் எத்தனை கணினிகள் தூரிகை படாமலே போய்ச் சேர்ந்தனவோ?

நாட்டின் கணினிகளுக்கும் இதே கதைதான்

இது வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2023 அக்டோபர் 14, ஒரு சனிக்கிழமை பிற்பகல். டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் செலுத்த முடியாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த இரு வங்கிகளும் பயன்படுத்திய ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பு பழுதானதே காரணம். மேம்பாட்டுப் பணியின்போது குத்தகையாளர் ஒருவர் தவறான சமிக்ஞை அனுப்ப, குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்கள் மூடிக்கொண்டன. கணினிக் கூடங்களில் வெப்பநிலை ஏறியது. மாற்று ஏற்பாடுகளுக்கு மாற முயன்றபோதும் சிக்கல்கள் வந்தன. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்றும், மின்னிலக்க வங்கிச் சேவைக்குள் நுழைய மேற்கொள்ளப்பட்ட 810,000 வரையிலான முயற்சிகள் தோல்வியடைந்தன என்றும் அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் துணை அமைச்சர் ஆல்வின் டான் தெரிவித்தார்.

கோடிக்கணக்கான வெள்ளி முதலீடு, இரவு பகல் கண்காணிப்பு, மாற்று ஏற்பாடுகள் எல்லாம் இருந்தன. ஆனாலும் வெப்பம் வெளியேறும் பாதையில் ஒரு கதவு மூடியதும் எல்லாம் நின்றது. என் காணொளி அறுபது விழுக்காட்டில் நின்றதும் அதே காரணத்தால்தான்.

இதைவிட முக்கியமான பாடம் இன்னொன்று. நம் நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, வெப்பமண்டலத்தில் வளர்ச்சி சாத்தியமானதற்குக் குளிர்சாதனத்தைப் பெரிய காரணமாகக் கருதினார். பதவிக்கு வந்ததும் அரசு ஊழியர்கள் பணிபுரியும் கட்டடங்களில் அதைப் பொருத்தச் செய்ததாக அவரே கூறியிருக்கிறார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், கணினி என்றாலே சில்லென்ற அறை வேண்டும் என்று நினைக்கிறோம். தரவு நிலையங்களும் அப்படித்தான் நினைத்தன. பல நிலையங்கள் 22 டிகிரியிலோ அதற்குக் கீழோ இயங்கின. 2020ல் நாட்டின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்கள் பயன்படுத்தின. ஒரு நிலையம் எடுக்கும் மின்சாரத்தில் 40 விழுக்காடு வரை குளிரூட்டுவதற்கே போகலாம்.

2023 ஜூனில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென ஒரு தரநிலையை வெளியிட்டது. அது சொன்னது இதுதான்: வெப்பநிலையைப் படிப்படியாக 26 டிகிரிக்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கான ஒரு சோதனைக் களத்தையே அமைத்திருக்கின்றன.

வல்லுநர்கள் குளிரைக் கூட்டச் சொல்லவில்லை. காற்றோட்டத்தையும் பராமரிப்பையும் சரியாக வைத்துக்கொண்டு, குளிரைக் குறைக்கச் சொல்கிறார்கள். வங்கிகளின் கணினிகளுக்கே 26 டிகிரி போதுமென்றால், நம் வீட்டுக் கணினிக்கு எதற்கு 20 டிகிரி அறை?

யாருடைய அறை சூடாகிறது?

குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்து வெளியே கொட்டுகிறது. அதோடு தான் பயன்படுத்திய மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது. வெளிச்சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிக்கு அருகே சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் அண்டை வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

செலவையும் பார்ப்போம். மின்சாரம் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 30 காசு. சிறிய அறைக்கான குளிர்சாதனம் முக்கால் கிலோவாட் இழுத்தால், நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மாதம் ஏறக்குறைய 40 வெள்ளி. ஒரு மாணவருக்கு அது பல வாரச் சாப்பாட்டுச் செலவு. வசதி குறைந்த குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தொகை.

நம் ஊரின் வெப்பமும் குறையப்போவதில்லை. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான 37 டிகிரி உச்சத்தை, 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோ மீண்டும் தொட்டது. கரிம வெளியீடு கட்டுக்குள் வராவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 5 டிகிரி வரை உயரக்கூடும் என்று 2024 தொடக்கத்தில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு எச்சரித்தது. எல்லாவற்றுக்கும் குளிர்சாதனத்தையே விடையாக்கினால், நாம் நம் அறையைக் குளிர வைத்து நம் ஊரைச் சூடாக்குகிறோம்.

நீங்களே செய்யலாம்

முதலில் அளந்து பாருங்கள். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. நம் ஊர் அறை வெப்பத்தில், கணினி சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரியும், கடும் வேலையின்போது 70 முதல் 85 டிகிரியும் இருந்தால் கவலை வேண்டாம். சாதாரண வேலைக்கே 90ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். விசிறி எப்போதும் இரைந்துகொண்டே இருப்பதும் ஓர் அறிகுறிதான்.

அடுத்தது, இடம். பெட்டியைத் தரையிலோ மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். தரையில்தான் தூசியும் முடியும் அதிகம். சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சாமி மாடத்துக்குக் கீழே, சமையலறைக் கதவுக்கு எதிரே, மழைச்சாரல் அடிக்கும் சன்னலுக்கு அடியில் வைப்பதைத் தவிருங்கள். புகையில் உள்ள எண்ணெய்ப்பசைதான் தூசியை ஒட்டவைக்கும் பசை.

பிறகு, சுத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். புகையும் தூசியும் அதிகமுள்ள வீடென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி எடுங்கள். விசிறியைச் சுத்தம் செய்யும்போது அது சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தக் குப்பியைப் பயன்படுத்தினால் அதை நிமிர்த்தியே பிடியுங்கள். ஈரத்துணி வேண்டாம். மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் இருக்கலாம்.

விசிறிகளின் திசையையும் பாருங்கள். முன்புறம் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்புறமும் மேற்புறமும் வெளியே தள்ள வேண்டும். பொதுவாக, விசிறியின் எந்தப் பக்கத்தில் குறுக்குச் சட்டங்கள் தெரிகின்றனவோ, அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். விசிறியைத் தலைகீழாகப் பொருத்தி, காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் கணினிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

தூசி போன பிறகும் சூடு குறையவில்லையா? வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். சில்லின் மூடிக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பசையின் வேலை. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பச்சைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். அதிகம் வைத்தால் அதிகம் குளிராது. தேக்காவிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் ஒரு சிறிய குழாயைச் சில வெள்ளிக்கு வாங்கலாம். முதன்முறை செய்யும்போது, செய்து பழகிய ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

சில குறுக்குவழிகளைத் தவிருங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பிவைப்பது ஓர் இரவுக்கு உதவும். ஆனால் தூசி இன்னும் வேகமாக ஏறும். பல்லியும் கரப்பானும் குடியேறும். நம் ஊரில் மதர்போர்டில் பல்லி மாட்டி மின்கசிவு ஏற்படுவது வேடிக்கைக் கதையில்லை. பனிக்கட்டிப் பைகளைப் பெட்டிமேல் வைப்பது அதைவிட மோசம். கடைத்தொகுதியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகிறதல்லவா? அதேபோல் ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். அது கணினிக்குள் நடக்கக்கூடாது.

இன்னொன்றும் செய்யலாம். வெப்பத்தைத் தள்ளுவதற்கு முன் உற்பத்தியைக் குறைக்கலாம். திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும் என்றால், விளையாட்டு 200 படங்களை உருவாக்குவதில் பயனில்லை. அமைப்பில் ஒரு வரம்பு வைத்தால் வரைகலை அட்டையின் சூடும் மின்கட்டணமும் சேர்ந்தே குறையும்.

பள்ளியில் ஒரு மணி நேரம்

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்பதைக் கல்வி அமைச்சு 2021லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நிரல் எழுதக் கற்கிறோம். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒருமுறைகூட நான் ஒரு கணினியைத் திறந்து பார்த்ததில்லை. நண்பர்களைக் கேட்டேன். அவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் ஒரு மணி நேரம் போதும். பயன்படாத பழைய மேசைக் கணினி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, திறந்து, தூசி தட்டி, விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்க்கட்டும். அறிவியல் பாடத்தில் படித்த வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும் அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். கணினி மன்றங்களும் தொழில்நுட்பக் கல்விக் கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் பருவத்துக்கு ஒருமுறை அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ மேசை போட்டு, குடியிருப்பாளர்களின் கணினிகளைச் சுத்தம் செய்து கொடுக்கலாம். சமூகச் சேவை மணிநேரத்துக்கு இதைவிடப் பயனுள்ள வேலை எது?

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2014ல் தொடங்கிய ரிப்பேர் கோப்பிதியாம் திட்டம், பழுதான பொருளை வீசாமல் சரிசெய்யக் குடியிருப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 2020ல் கொவிட்-19 காரணமாகப் பள்ளிகள் வீட்டுக்கு மாறியபோது, எஞ்சினியரிங் குட் அமைப்பின் தொண்டூழியர்கள் பழைய மடிக்கணினிகளைச் சேகரித்து, சரிசெய்து, கணினி இல்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அன்று பல பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தது இன்னொருவர் "பழசு" என்று ஒதுக்கிய கணினியில்தான்.

சிலர் மறுப்புச் சொல்லலாம். திறந்தால் உத்தரவாதம் போய்விடாதா? மேசைக் கணினியின் பக்கத் தகடு பொதுவாகத் திறப்பதற்காகவே செய்யப்பட்டது. ஆனாலும் கையேட்டைப் படித்துவிட்டுத் திறங்கள். மடிக்கணினிக்கு விதிகள் வேறு. பள்ளி கொடுத்த சாதனத்தை நீங்களாகத் திறக்காதீர்கள். மாணவர்கள் உடைத்துவிட்டால்? உடைக்கலாம்தான். பழைய கணினியில் கற்றால் இழப்பும் சிறிது. மேசைக் கணினியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? விளையாடுபவர்கள், காணொளி தொகுப்பவர்கள், பொறியியல் படிப்பவர்கள், ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் எனப் பலர் இருக்கிறார்கள். மடிக்கணினியும் அதே தூசியைத்தான் இழுக்கிறது, இன்னும் குறுகலான வழியாக.

எல்லாப் பழுதும் தூசியால் வருவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சில நேரம் உதிரிப்பாகம் உண்மையிலேயே போயிருக்கும். சில நேரம் புதியது வாங்கத்தான் வேண்டும். மருத்துவ காரணங்களுக்காகக் குளிர்சாதனம் தேவைப்படும் வீடுகளும் உண்டு. நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் திறந்து பாருங்கள். கடைக்காரரின் விலைப்பட்டியலும் குளிர்சாதனத்தின் விளம்பரமும் அதற்குப் பிறகு வரட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவரிடம் "மதர்போர்டு போய்விட்டது" என்று யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது கணினி மேசை சன்னலின் மறுபக்கம் நகர்ந்துவிட்டது. சாம்பிராணி போடும்போது கணினியை அணைத்துவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பி திருகாணிகளைக் கழற்ற, நான் தூரிகை பிடிக்க, பாட்டி பழைய செய்தித்தாளை விரித்துக்கொடுத்து மேற்பார்வை செய்கிறார். இரண்டாவது ஏர்கானைப் பற்றி அப்பா அதன்பின் பேசவில்லை.

இந்த வார இறுதியில் உங்கள் கணினியின் பின்புறம் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதென்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு தூரிகையைத் தேடுங்கள்.